செய்முறைத் தேர்வு

புதுவயல் ரைஸ்மில்லில்
சாக்கு அடுக்கும் கொட்டகை.
இரவு ஏழு முதல் எட்டேகால் வரை
என் வகுப்பு.
பகலில் அதே கரும்பலகையில்
லோடு கணக்கு எழுதுகிறார்கள்.
நாற்பத்திரண்டு மூட்டையை அழித்துவிட்டு
நான் 'ப' எழுதுவேன்.
மறுநாள் என் 'ப' மேல்
முப்பத்தெட்டு மூட்டை.

பி.எட். முடித்து ஆறு வருடம்.
தகுதித் தேர்வில்
ஒருமுறை மூன்று மதிப்பெண்ணில் போனது,
ஒருமுறை காய்ச்சலில்.
வயது வந்தோர் கல்விச் சான்றிதழுக்கு
அஞ்சல்வழியில் பணம் கட்டியது
வேறு வழியில்லாமல்தான்.
பொய் சொல்வானேன்.

கற்போரின் அனுபவத்திலிருந்து தொடங்குக
என்றது புத்தகம். அடிக்கோடிட்டேன்.
பன்னிரண்டு மணி நேரம்
நெல் அவித்துவிட்டு வருபவர்கள்
சிலேட்டை மடியில் வைத்ததும்
தூங்கிப்போவார்கள் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
இமையில் உமி ஒட்டியிருக்கும்.
எழுப்ப மனசு வராது.
எழுப்பாவிட்டால் வருகைப் பதிவேடு
பொய்யாகிவிடும்.

பஞ்சவர்ணத்துக்கு அ, ஆ வேண்டாம்.
ரேஷன் கடை மிஷின்
அவள் கட்டைவிரலை ஒப்புக்கொள்வதில்லை.
இருபது வருடம் சுடுநெல் கிளறிய விரல்,
ரேகை தவிட்டோடு போய்விட்டது.
"பேர மட்டும் எழுதச் சொல்லிக்குடு டீச்சர்.
மிச்சத்த அப்பறம் பாப்பம்."

பாடநூலின்படி
'ஞ' பதினேழாம் பாடம்.
பதினேழாம் பாடம் மாசியில்.
கையெழுத்து வேண்டியது
ஐப்பசி பத்தாம் தேதி.

நாலு இரவு யோசித்து
நேராக 'ஞ'வுக்குப் போனேன்.
"இது எழுத்தா,
தார்ப்பாயிக் கயித்து முடிச்சா?" என்றாள்.
"முடிச்சுன்னே வச்சுக்கங்க.
மேல வளைச்சு, உள்ள விட்டு,
கீழ எறக்கி ஒரு கொக்கி."
அன்று அவள் தூங்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு
சிவகங்கையிலிருந்து வந்தார் செபஸ்தியான் சார்,
பத்துக் கட்டம் போட்ட படிவத்தோடு.
என் பாடத்திட்டம் நாலு பக்கம்:
ஊக்குவித்தல் ஐந்து நிமிடம்,
வலுவூட்டல் பத்து,
மதிப்பீடு எட்டு.
புதுச்சேலையில் சாக்பீஸ் தூள்,
குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஊக்குவித்தலின் மூன்றாம் நிமிடத்தில்
அடைக்கலம் மூக்கை உறிஞ்சினார்.
"மண்ணு வாசம்."
அவ்வளவுதான்.
சிலேட்டுகள் தரையில்,
பன்னிரண்டு பேரும் களத்தில்.
அம்பாரம் அம்பாரமாய் நெல்,
பாதிக்குமேல் மூடாமல்.

நின்று யோசித்திருக்கலாம்.
ஓடினேன்.

காற்று தார்ப்பாயைத் தூக்கியது.
மூன்று மூலைக்கு ஆள் இருந்தது.
நாலாவதில், எப்படி வந்தாரோ,
படிவத்தைச் சட்டைக்குள் செருகியபடி சார்.
"யோவ், புடிச்சுக்கிட்டே நிக்கிறியே,
கட்டுய்யா!"
இருட்டில் அடைக்கலத்துக்கு
ஆள் அடையாளம் தெரியவில்லை.
சாருக்கோ முடிச்சு தெரியவில்லை.

பஞ்சவர்ணம் போனாள்.
அவர் கையைப் பிடித்து,
சத்தம் போடாமல்,
"மேல வளைங்க. உள்ள விடுங்க.
கீழ எறக்கி ஒரு கொக்கி.
அவசரப்படாதீக,
மொதல்ல வராது."

எட்டு இருபதுக்குக் கொட்டகை திரும்பினோம்.
படிவம் நனைந்து
'மாணவர் பங்கேற்பு' கட்டத்தில்
நீலம் ஊறிக் கிடந்தது.
கடைசி பஸ்ஸுக்கு நேரமானதால்
சார் ஒன்றும் சொல்லவில்லை.
தலையை மட்டும் துவட்டிக்கொண்டார்,
என் டஸ்டர் துணியால்.

சான்றிதழ் இன்னும் வரவில்லை.

பதினோராம் தேதி
பஞ்சவர்ணம் சீக்கிரம் வந்தாள்.
சீனி வாங்கிவிட்டாளாம், பருப்பும்.
"புள்ளி வைக்க மறந்துட்டேன் டீச்சர்.
கடைக்காரனும் கண்டுக்கல,
அவன்லாம் என்னத்தப் படிச்சானோ."
சிலேட்டைத் துடைத்தாள்.
"புள்ளி எத்தனாவது பாடம்?"

"இருபத்தொண்ணு."

"சரி," என்று உட்கார்ந்தாள்,
"வையி இன்னிக்கே."